காப்டன் ட்ரைப் வரைந்த மேகங்கள்

1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வடக்கே சிப்பாய்க் கலகத்தின் கனல் இன்னும் தணியாதிருந்த வேளையில், கும்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த லின்னியஸ் ட்ரைப் என்னும் காப்டன், காகிதமும் மெழுகும் கண்ணாடித் தகடும் இரசாயனக் குப்பிகளும் ஏற்றிய மாட்டு வண்டிகளோடு மதுரைக்கு வந்து சேர்ந்தார். வரி வசூலிக்கவோ பாளையக்காரரை அடக்கவோ அவர் வரவில்லை. சென்னை ராஜதானியின் புராதனக் கட்டடங்களைப் படம் பிடித்து வைப்பதற்காக 1856இல் சர்க்கார் புகைப்படக்காரராக நியமனம் பெற்றவர் அவர். மீனாட்சியம்மன் கோயில், புது மண்டபம், வண்டியூர்த் தெப்பக்குளம், இடிந்து கிடந்த திருமலை நாயக்கர் மகால் எல்லாம் அவருடைய காமிராவுக்குள் புகுந்தன. அந்த ஆண்டே நான்கு பாகங்களாகத் தொகுத்தும் வெளியிடப்பட்டன. மதுரையின் ஆரம்பகாலப் புகைப்படங்கள் என்று இன்று லண்டன் நூலகங்களும் மியூசியங்களும் போற்றி வைத்திருப்பவை இவையே.

அந்தப் படங்களில் ஒரு விசேஷம் உண்டு. ட்ரைப் கையாண்ட மெழுகுக் காகித நெகடிவ் நீல ஒளியை மிக விரைவாக வாங்கிக்கொள்ளும் சுபாவம் உடையது. ஆகையால் கற்றூணின் நிழல் துலங்கும் வரையில் காமிராவைத் திறந்து வைத்தால், ஆகாயம் முழுவதும் வெறும் வெள்ளையாய்ப் போய்விடும். அந்த வெறுமை ரசிகரான காப்டனின் கண்ணை உறுத்தியது. நெகடிவின் மேல் தூரிகையால் வர்ணம் தீட்டி, அன்றைக்கு வானத்தில் இல்லாத மேகங்களைப் பல படங்களில் அவர் மிதக்கவிட்டார். தூணும் கோபுரமும் பிரத்தியட்சம், மேகம் சிருஷ்டி. படத்தைப் பார்க்கிறவனுக்கோ ஒன்று எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது.

இதை அவர்மீது குற்றமாகச் சுமத்துவது நம் நோக்கமன்று. அவர் மேகத்தைத்தான் வரைந்தார், கோபுரத்தை வரையவில்லை. ஆனால் லேசர் ஸ்கேனரும் டிரோனும், கண்ணில் மாட்டிக்கொண்டால் கோயிலுக்குள்ளேயே நிற்பதுபோன்ற பிரமையைத் தரும் மெய்ந்நிகர்க் கருவியும் வந்துவிட்ட இக்காலத்தில், நம் முன் விரியும் காட்சியில் கல் எது, மேகம் எது என்ற கேள்வியை எழுப்புவார் அரிதாகிவிட்டனர். படம் எவ்வளவு அழகாயிருக்கிறதோ அவ்வளவுக்குச் சந்தேகம் குறைந்துவிடுகிறது. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் கோயில், அரண்மனை, மலைக்குகை, அகழாய்வுக் குழி, மண்டையோடு என்று பதிவு செய்யவேண்டியவை இவ்வளவு நெருக்கமாய் அமைந்த பிரதேசம் தமிழ்நாட்டில் வேறு ஏதேனும் உண்டோ என்பது ஐயம். ஆகவே இந்தக் கேள்வியை மதுரையில் வைத்துக் கேட்பதே முறையாகும்.

இரண்டு கண், இரண்டு படம்

ட்ரைப் மதுரையில் உலவிய அதே 1858இல், ஜெர்மானிய தேசத்து வெட்ஸ்லார் நகரில், ஒரு தேவாலயத்தை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மெய்டன்பவர் என்னும் இளைஞர், உயரத்திலிருந்து கால் தவறி விழப் பார்த்து மயிரிழையில் தப்பினார். உயிரைப் பணயம் வைத்து நூல் பிடித்து அளப்பதைக் காட்டிலும், படம் பிடித்து அந்தப் படத்தைக்கொண்டே அளந்துவிட்டால் என்ன என்ற யோசனை அவருக்கு உதித்தது. 1885இல் பிரஷ்ய அரசாங்கம் அதற்கென்றே ஒரு நிலையத்தை அவர் தலைமையில் ஏற்படுத்தியது. ஒரே பொருளை வெவ்வேறு இடங்களில் நின்று எடுத்த படங்களில் பொதுவாய் அமைந்த புள்ளிகளைக் கண்டறிந்து, அவற்றிலிருந்து அப்பொருளின் நீள அகல ஆழங்களைக் கணக்கிடுவதே அவர் கண்ட வழி. இன்று கணினி கண்சிமிட்டும் நேரத்தில் செய்துமுடிக்கும் முப்பரிமாணக் கணிதத்துக்கு மூலம் அதுதான்.

மெய்ந்நிகர்க் காட்சியும் நாம் எண்ணுகிறபடி நேற்றுப் பிறந்த குழந்தையன்று. வலக்கண் காண்பதும் இடக்கண் காண்பதும் சிறிதே வேறுபட்டவை என்பதையும், அந்த வேறுபாட்டிலிருந்தே மனம் ஆழத்தை உணர்கிறது என்பதையும் 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் நிரூபித்துக் காட்டினார். ட்ரைப் தம் வண்டிகளில் இரட்டைக் கண்ணாடிப் படங்களுக்கான சாதனங்களையும் கொண்டுவந்திருந்தார்; பெரிய படங்களோடு மதுரையின் இரட்டைப் படங்களும் வெளியாயின. ஆகவே லண்டனில் ஒரு சீமாட்டி, மரப்பெட்டியின் இரு துளைகளில் கண்ணைப் பதித்து, மதுரையின் மண்டபம் ஒன்று தன் எதிரே ஆழ்ந்து நீளக் கண்டு வியப்பது 1850களின் இறுதியிலேயே சாத்தியமாகிவிட்டது. இன்று தலையில் மாட்டும் கருவி செய்வதும் அதைத்தான். தலையைத் திருப்பினால் காட்சியும் கூடத் திரும்பும் என்பது மட்டுமே புதிது.

ட்ரைப் மதுரையிலிருந்து தஞ்சைக்குச் சென்று செய்த காரியமும் குறிப்பிடத்தக்கது. பெரிய கோயில் விமானத்தின் அடிப்பீடத்தில் ஓடும் சாசன வரிகளை அடுத்தடுத்துப் படம் பிடித்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். கல்வெட்டுக்காக இத்தனை பாடுபட்ட மனிதரின் வேலையை, 1859இல் சென்னைக் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் டிரெவெலியன், செலவைக் காரணங்காட்டி நிறுத்திவிட்டார்.

தீ தந்த பாடம்

லேசர் ஸ்கேனர் என்பது முக்காலியின் மேல் நிற்கும் ஒரு சிறிய பெட்டி. அதனுள்ளே சுழலும் கண்ணாடி ஒளிக்கதிரை நாற்புறமும் வீசுகிறது. கதிர் கல்லில் பட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் காலத்தைக்கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. இவ்வாறு வினாடிக்கு லட்சக்கணக்கான புள்ளிகள் குவிந்து, புள்ளிகளாலேயே ஆன ஒரு மண்டபம் கணினித் திரையில் எழும்புகிறது. கேட்பதற்கு எளிது. ஆனால் பெட்டி நிற்கும் இடத்திலிருந்து தூணின் ஒரு பக்கந்தான் தெரியும். 985 தூண்கள் நிற்கும் ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரு தூணின் நிழல் மற்றொன்றை மறைக்கும். இடம் மாற்றி இடம் மாற்றி வைத்து, எல்லாவற்றையும் பிறகு பிசகின்றி ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் கைகளும் பட்டுக் கருத்து மின்னும் விக்கிரகங்களில் கதிர் சிதறிப்போகிறது. யாளியின் வாய்க்குள்ளும், துவாரபாலகரின் கைக்குப் பின்னாலும் அது நுழைவதில்லை. அங்கெல்லாம் படத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை மென்பொருள் தானாகவே அக்கம்பக்கத்தைப் பார்த்து மெழுகி அடைத்துவிடும். மேகம் வரையும் தூரிகை இப்போது யந்திரத்தின் கையில் இருக்கிறது. இசைத்தூண்களின் வடிவம் மில்லிமீட்டர் சுத்தமாகக் கிடைக்கலாம். அவற்றைத் தட்டினால் எழும் நாதம் அந்தப் புள்ளித் திரளில் கிடையாது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்பவர்கள் 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி இரவை நினைத்துப் பார்க்கவேண்டும். கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய கடைகளில் பற்றிய தீ வீரவசந்தராயர் மண்டபத்தைச் சூழ்ந்தது. கூரைக்கற்கள் வெடித்து விழுந்தன. நாயக்கர் காலத்துத் தூண்கள் வெப்பத்தில் பிளந்தன. புதுத் தூண்களுக்கான கல்லை நாமக்கல் மாவட்டத்துக் குவாரியிலிருந்து கொண்டுவந்து ஸ்தபதிகள் செதுக்கவேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி பாரிஸ் நகரத்தின் நோத்ர்தாம் தேவாலயம் பற்றி எரிந்தது. அங்கே ஆண்ட்ரூ டாலன் என்னும் கலைவரலாற்றுப் பேராசிரியர் 2010ஆம் ஆண்டிலேயே, தம் ஆராய்ச்சிக்காக, ஆலயம் முழுவதையும் லேசரால் அளந்து நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளைச் சேகரித்து வைத்திருந்தார். தீப்பிடிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் காலமாகிவிட்டார். அவர் விட்டுச்சென்ற அளவுகள் மீட்புப் பணிக்குத் துணை நின்றன, 2024 டிசம்பரில் ஆலயம் மறுபடி திறக்கப்பட்டது. நமக்கு ஸ்தபதிகளின் கைத்திறன் இருக்கிறது, அதில் குறைவில்லை. ஆனால் எரிந்த தூணில் எந்த மூலையில் எந்தக் கொடி எத்தனை வளைவோடு ஓடிற்று என்பதைச் சொல்ல, எரிவதற்கு முந்திய அளவுதான் சாட்சி. ஸ்தபதியின் சாஸ்திர ஞானம் அதற்கு ஈடாகாது.

தீ வந்துதான் ரூபம் மாறவேண்டும் என்பதுமில்லை. பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை என்னும் மரபையொட்டிக் கும்பாபிஷேகத்துக்கு முன்னால் கோபுரங்களில் சாரம் கட்டி, சுதைச் சிற்பங்களைச் செப்பனிட்டுப் புது வர்ணம் தீட்டுகிறார்கள். பக்தியால் விளையும் இந்தத் திருப்பணியில் பழைய வர்ணம், பழைய விரல் நுனி, பழைய முகபாவம் எல்லாம் புதியவற்றின் அடியில் போய்விடுகின்றன. தவறென்று சொல்ல முடியாது; ஜீவனுள்ள கோயில் மியூசியம் அல்லவே. ஆனால் சாரம் ஏறும் முன் ஒருமுறை ஒவ்வொரு சிற்பத்தையும் நிறச்சுத்தமாகப் படம் பிடித்து வைக்க எந்த ஆகமமும் தடை சொல்லவில்லை.

விடுபட்டவர்கள்

சேர்க்கப்பட்டதைப் பேசினால் விடப்பட்டதையும் பேசவேண்டும். ட்ரைப்பின் மதுரைப் படங்களை உற்று நோக்கினால் ஓர் அதிசயம் புலப்படும்: இத்தனை பெரிய ஊரில் மனிதர்களையே காண்பது அரிது. நீண்ட நேரம் திறந்திருக்கும் காமிராவின் முன்னே நடந்து போகிறவன் படத்தில் பதியவே மாட்டான். இன்றைய ஸ்கேனரும் அதே சுபாவமுடையது. பக்தர் கூட்டம் ஒழிந்த நேரமே அதற்குச் சௌகரியம். அப்படியும் யாரேனும் குறுக்கே போய்விட்டால், அவரைச் ‘சத்தம்’ என்று முத்திரை குத்திப் புள்ளித் திரளிலிருந்து துடைத்துவிடுகிறார்கள்.

புது மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் எழுப்பிய மண்டபந்தான். ஆனால் எத்தனையோ தலைமுறையாக மதுரைக்காரர்களுக்கு அது தையல் மெஷின்களின் ஓசையும், வளையல் கடையும், பித்தளைப் பாத்திரமும், பழைய பாடப்புத்தகமுமாகவே இருந்துவந்தது. நாயக்க மன்னரின் கற்சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழகருக்கு வேடமிடுவோரின் உடுப்பைத் தைத்துக் கொடுத்த கலைஞர்கள், கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது இடம்பெயர்ந்துவிட்டார்கள். சிற்பத்துக்கு அது நல்லதே. ஆயினும் இனி எடுக்கப்படும் எந்த மெய்ந்நிகர்க் காட்சியிலும் மண்டபம் நாயக்கர் கட்டிய அன்றே உறைந்து நின்றதுபோலத் துப்புரவாகத் தோன்றும். அதுவும் ஒரு பொய்தான். மேகத்தைச் சேர்ப்பதைப் போலவே மனிதனை நீக்குவதும் சித்திரத்தைத் திருத்துவதே.

எல்லா விடுபாடும் பழுதென்று சொல்லிவிட முடியாது. கர்ப்பக்கிருகத்துக்குள் காமிரா போகலாகாது என்பது மரபு. 2018ஆம் ஆண்டுத் தீக்குப் பிறகு பக்தர்கள் கைப்பேசியையே உள்ளே கொண்டுபோக முடியாது. சந்நிதியின் வாசற்படியோடு படம் நின்றுவிட்டால், ‘இதற்கப்பால் படம் எடுப்பதில்லை’ என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும், யாருக்கும் மனத்தாங்கல் இராது. கற்பனைக் கருவறையொன்றைக் கணினியில் புனைந்து ஒட்டிவைப்பதுதான் அநாசாரம்.

இல்லாத அரண்மனை

1636ஐ ஒட்டி எழுந்த திருமலை நாயக்கர் மகாலில் இன்று நிற்பது கால் பங்குதான் என்பார்கள். சொர்க்க விலாசம் நிற்கிறது. ரங்க விலாசம் போய்விட்டது. பேரர் சொக்கநாத நாயக்கர் காலத்தில் அரண்மனையைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனதாகச் சொல்லுவர். எஞ்சியதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைக் கவர்னர் நேப்பியர் பிரபு செப்பனிட்டார். மகாலுக்குச் சற்றுத் தொலைவில், ஜவுளிக் கடைகளின் நெருக்கத்துக்கு நடுவே, பத்துத்தூண் சந்தில் தனியாய் நிற்கும் பத்துக் கற்றூண்கள் பழைய அரண்மனையின் பரப்புக்குச் சாட்சி சொல்கின்றன. 1981 முதல் மாலையில் ஒலி-ஒளிக் காட்சி நடந்துவந்த முற்றத்தில், இனி ஒரு கருவியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு முழு அரண்மனையையும் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், ஆசைப்படாத மதுரைக்காரன் உண்டா?

ஆசை நியாயமானது, அதற்கு வழியும் இருக்கிறது. 1792இல் மதுரைக்கு வந்த தாமஸ் டானியல், வில்லியம் டானியல் என்னும் ஓவியர்களின் சித்திரங்கள் உள்ளன. ட்ரைப்பின் படங்கள் உள்ளன. ட்ரைப் எந்த இடத்தில் முக்காலியை ஊன்றினார் என்பதை, இன்றும் நிற்கும் தூண்களின் துணையால் கணக்கிட்டுக் கண்டுபிடித்துவிட்டால், அவர் படத்தில் உள்ள இடிந்துபோன சுவரின் உயரத்தையும் மெய்டன்பவரின் கணிதப்படி ஓரளவு அளந்துவிட முடியும். ஆனால் அதற்கப்பால்? ரங்க விலாசத்தின் உட்கூரையில் என்ன வர்ணம் இருந்தது, அந்தப்புரத்தின் வாசல் எத்திசை நோக்கிற்று என்பதையெல்லாம் யாரோ ஒரு கணினி ஓவியர், ராஜஸ்தானத்து அரண்மனையையோ சினிமாச் செட்டையோ மனத்தில் வைத்து நிரப்பிவிட்டால், பள்ளிக் குழந்தைகள் அதையே சரித்திரமாகக் கண்டு வீடு திரும்புவார்கள். புத்தகத்தில் எழுதிய பொய்யை மறுக்கலாம். உள்ளே நடந்து பார்த்த பொய்யை மறுப்பது கஷ்டம்.

இதை உணர்ந்தே ஐரோப்பிய அறிஞர்கள் 2006இல் லண்டனில் கூடி ஒரு சாசனம் வகுத்தார்கள். கணினியில் புனர்நிர்மாணம் செய்யும் எவரும் எது அளந்தது, எது ஆதாரத்திலிருந்து ஊகித்தது, எது வெறும் கற்பனை என்பதையும், அந்த ஊகத்துக்கு வந்த நியாயத்தையும் பதிவு செய்யவேண்டும் என்பது அதன் சாரம். நிற்கும் சுவர் கல்லின் நிறத்திலும், ஊகித்த சுவர் கண்ணாடிபோல மங்கலாகவும் தெரியும்படி செய்வது இன்றைய மென்பொருளுக்கு ஒரு பெரிய காரியமன்று. செய்யாமலிருப்பதற்குக் காரணம் பாமரன் விரும்பமாட்டான் என்ற அலட்சியமே. பாமரன் அவ்வளவு அறிவிலி அல்லன்.

அயல்நாட்டில் உள்ள ஒரு மதுரை மண்டபமும் இதே பாடத்தைச் சொல்கிறது. மேலமாசி வீதி மதனகோபால சுவாமி கோயிலில் குவிந்து கிடந்த சிற்பத் தூண்களை 1912இல் அடலின் பெப்பர் கிப்ஸன் என்னும் அமெரிக்கப் பெண்மணி விலைக்கு வாங்கிச் சென்றார். 1919இல் அவை பிலடெல்பியா கலை மியூசியத்துக்குக் கொடையாகப் போய்ச் சேர்ந்தன. அங்கே மண்டபமாக எழுந்து நிற்கும் ஒவ்வொரு கல்லும் மதுரைக் கல். எந்தத் தூணுக்கு அடுத்து எந்தத் தூண் என்ற வரிசை மட்டும் ஆராய்ச்சியாளரின் ஊகம். அந்தக் கற்களின் முப்பரிமாணப் பிரதியையேனும் மேலமாசி வீதிக்குக் கொண்டுவந்து, பல வரிசைகளில் அடுக்கிப் பார்க்க மதுரை மாணவருக்கு வாய்ப்பளித்தால், மெய்ந்நிகர் வித்தைக்கு அதைவிடச் சிறந்த பிரயோஜனம் வேறு இராது.

மைப்படியும் சாய்ந்த வெளிச்சமும்

கற்பனைக்குச் சற்றும் இடந்தராத பதிவு வேண்டுமென்றால் ஊரை விட்டு வெளியேறி மலைகளுக்குப் போகவேண்டும். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, அழகர்மலை, ஆனைமலை, திருப்பரங்குன்றம், விக்கிரமங்கலம் என்று மதுரையைச் சுற்றிலும் சமணத் துறவியர் தங்கிய குகைத்தளங்களில், மழைநீர் உள்ளே வழியாமல் வெட்டிய காடிக்கு அருகில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. மாங்குளத்தை 1882இல் ராபர்ட் சிவெல் கண்டார். அவ்வெழுத்துகளின் மொழி தமிழே என்பதை 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துரைத்தார். நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரை 1960களில் ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். எண்பதாண்டுக் காலம் ஒரு பாறையைத் திரும்பத் திரும்பப் படிக்க நேர்ந்ததற்கு, எழுத்தின் பழமையோடு, அதைப் பிரதியெடுக்கும் சிரமமும் ஒரு காரணம்.

மைப்படி எடுப்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறையைத் தேய்த்துக் கழுவி, நனைத்த காகிதத்தை அதன்மேல் ஒட்டி, அடர்ந்த மயிருள்ள பிரஷால் ஓயாமல் தட்டத் தட்ட, காகிதம் எழுத்தின் பள்ளங்களுக்குள் படிகிறது. பின்பு துணிப்பந்தில் மை தோய்த்து ஒற்றினால் மேடெல்லாம் கறுத்து, எழுத்து வெள்ளையாய் நிற்கும். சமதளமான கோயிற்சுவரில் இது சுகமாக நடக்கும். தலைக்குமேல் கவிந்து நிற்கும் குகையின் நெற்றியிலோ, ஈரக் காகிதம் கழன்று எடுப்பவர் தலையிலேயே விழும். மை ஒற்றும் கை சற்று அழுத்தினால் ஆழமற்ற கோடு மறைந்துபோகும். பாறையின் இயற்கையான வெடிப்பு எழுத்தாகவும், எழுத்து வெடிப்பாகவும் வேஷம் போடும்.

இதற்கு மாற்றாக 2001இல் ஹியூலட்-பக்கார்டு ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டர் வெளியிட்ட ஒரு முறை உண்டு. காமிராவை அசையாமல் நிறுத்திவிட்டு, விளக்கை மட்டும் வலமும் இடமும் மேலும் கீழுமாகப் பல கோணங்களில் நகர்த்திப் பல படங்கள் எடுக்கிறார்கள். கணினி அவற்றையெல்லாம் ஒன்றாக்கித் தருகிறது. பிறகு ஆராய்ச்சியாளர் தம் அறையில் உட்கார்ந்தபடியே வெளிச்சத்தை விரும்பிய பக்கம் சாய்த்து, ஒரு கீறலின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதென்று பார்க்கலாம். உளி வெட்டிய பள்ளத்துக்கும் வெயில் பிளந்த பள்ளத்துக்கும் நிழல் வேறுபடும். கல்லைத் தொடாத, மை பூசாத, மேகம் வரைய வழியில்லாத இந்த முறைக்கு வேண்டியது சாதாரண காமிரா, ஒரு விளக்கு, ஒளியின் திசையறிய ஒரு பளபளப்பான கோலி, மலையேறத் தயாரான இரண்டு மாணவர்கள், அவ்வளவுதான். மதுரைக் கல்லூரிகளில் மாணவருக்குப் பஞ்சமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கீழவளவுப் பகுதியில் கிரானைட் குவாரிகள் மலைகளைத் தின்றதை ஊரறியும். மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியை உள்ளடக்கிய வட்டாரம் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயிற்று; மேலூர் வட்டாரத்து ஜனங்கள் திரண்டெழுந்து நடத்திய போராட்டத்தால் 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தாயிற்று. மலையைக் காத்தது கணினிப் படம் அன்று. ‘முழுவதையும் ஸ்கேன் செய்துவிட்டோமே, இனிப் பாறை போனால் என்ன’ என்று சொல்லும் புத்திசாலி ஒருவன் என்றைக்காவது தோன்றக்கூடும். பதிவு செய்வோர் அவனுக்குக் கருவியாகிவிடக் கூடாது.

கொந்தகை முகங்கள்

2025இல் உலகப் பத்திரிகைகளெல்லாம் வெளியிட்ட இரண்டு முகங்களை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மதுரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் உள்ள கீழடியின் ஈமக்காடு கொந்தகை. அங்கே கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் ஊடுகதிர் முறையில் முப்பரிமாணமாகப் படமெடுத்து, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப, அங்குள்ள முக ஆய்வுக்கூடத்தினர் எலும்பின்மேல் தசையும் தசையின்மேல் தோலும் கணினியிலேயே படரவிட்டு, இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய மனிதரை நம் எதிரே நிறுத்தினார்கள்.

கன்ன எலும்பின் அகலமும் கண்குழியின் இடமும் மூக்கின் அடியும் எலும்பு தரும் சாட்சியம். தோலின் நிறம், விழியின் நிறம், மயிரின் சுருள் இவையெல்லாம் எலும்பு சொல்லாதவை. இன்றைய ஜனங்களைப் பார்த்து ஊகித்துப் பூசப்பட்டவை. ஆராய்ச்சியாளர்கள் இதை மறைக்கவில்லை. ஆயினும் படம் வெளியானதும் இணையத்தில் எழுந்த வாக்குவாதம் கன்ன எலும்பைப் பற்றியா நடந்தது? நிறத்தைப் பற்றி, இனத்தைப் பற்றி. எது ஊகமோ அதையே சாட்சியமாக எடுத்துக்கொண்டு இரு தரப்பாரும் மோதினார்கள். பூசிய வர்ணம் நீங்கிய சாம்பல் நிற முகமொன்றையும் பக்கத்திலேயே அச்சிடும்படி பத்திரிகைகள் வழக்கப்படுத்திக்கொண்டால், இந்த வம்பில் பாதி ஒழியும்.

கீழடியிலேயே பதிவின் அருமை வேறொரு விதமாகப் புலனாகிறது. அகழாய்வு என்பது படித்துக்கொண்டே கிழித்தெறியும் ஏடு. ஒரு மண்ணடுக்கைத் தோண்டினால் அந்த அடுக்கு இல்லாமற் போகிறது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரியின் வயது கி.மு. 580 என்று கணிக்கப்பட்டதென்றால், அந்த ஆழத்தை அப்போது அளந்து குறித்த குறிப்பைத் தவிர இன்று அதற்கு வேறு நிரூபணம் இல்லை. தென்னந்தோப்புகளுக்கிடையே தோண்டிய குழிகள் பலவும் வேலை முடிந்ததும் மண்ணிட்டு மூடப்பட்டன. 2023 மார்ச் 5ஆம் தேதி திறக்கப்பட்ட செட்டிநாட்டுப் பாணி அருங்காட்சியகத்தில் மணிகளையும் பானையோடுகளையும் காண்கிறவர், அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில், எந்தச் செங்கற்சுவருக்கு அருகில் கிடந்தன என்பதை அறியவேண்டுமானால், மூடிய குழியைத் திறந்து காட்டும் ஆற்றல் முப்பரிமாணப் பதிவுக்கே உண்டு. இங்கே மெய்ந்நிகர்க் காட்சி அலங்காரமன்று, அவசியம்.

எங்கே வைப்பது?

எடுத்ததை எத்தனை நாள் காப்பது என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இங்கிலாந்தில் 1086இல் தோல் ஏடுகளில் எழுதிய டூம்ஸ்டே பதிவேட்டை இன்றும் படிக்கலாம். அதன் நினைவாக 1986இல் பி.பி.சி. லேசர் தட்டுகளில் தொகுத்த புதிய பதிவேட்டைப் பதினைந்து ஆண்டுகளில் படிக்க யந்திரம் கிடைக்காமல் திண்டாடினார்கள். நம் நாட்டிலும் ஃபிளாஷ் என்னும் மென்பொருளை நம்பிச் செய்த சுற்றுக்காட்சிகள் 2020 டிசம்பரோடு அந்த மென்பொருள் ஓய்வுபெற்றதும் குருடாயின. ஏடு மக்குவதற்கு முன் புது ஏட்டில் பெயர்த்தெழுதிய நம் முன்னோரின் ஒழுக்கத்தைக் கணினிக் கோப்புகளுக்கும் கடைப்பிடிப்பதே பரிகாரம். அதைச் செய்ய ஓர் இடமும், சம்பளம் வாங்கும் ஆளும் வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950களிலிருந்து தென்னிந்தியக் கோயில்களைப் பற்றி லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து இன்றுவரை பேணிவருகிறதென்றால், அது யந்திரத்தின் மகிமையன்று, நிர்வாகத்தின் மகிமை.

ஆகவே அறநிலையத் துறையும் தொல்லியல் துறையும் இரண்டு காரியங்களைச் சட்டமாகவே ஆக்கிவிடலாம். திருப்பணிக்குச் சாரம் கட்டுமுன் முழுப் பதிவு முடிந்திருக்கவேண்டும். எடுக்கும் ஒவ்வொரு பதிவின் மூலப்பிரதியும், எது அளந்தது எது ஊகித்தது என்ற குறிப்போடு, தமிழில் பெயரும் இடமும் எழுதி, மதுரையிலேயே ஒரு பொது நிறுவனத்தில், கேட்டவர்க்கு இலவசமாகக் கிடைக்கும்படி இருக்கவேண்டும். ட்ரைப்பின் படங்களைப் பார்க்க மதுரைக்காரன் லண்டனை நாடவேண்டியிருப்பது போதும். இனி எடுப்பதையும் அயலூர்க் கம்பெனியின் கணினியில் அடகு வைக்கவேண்டாம்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. புது மண்டபத்துத் தையற்கடை முன்னாலோ, பொற்றாமரைக் குளத்துப் படியிலோ, சித்திரைத் திருவிழாக் கூட்டத்திலோ உங்கள் பாட்டனாரும் பாட்டியும் நின்று எடுத்துக்கொண்ட பழைய படம் வீட்டுப் பெட்டியில் கிடக்கலாம். ஸ்கேனர் துடைத்துவிட்ட மனிதர்கள் அதில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் தெரியும் தூணும் சுவரோவியமும் இன்று இல்லாமற் போயிருக்கவும் கூடும். அந்தப் படத்தைத் தேடியெடுத்து, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, அதன் பின்பக்கத்தில் இடத்தையும் வருஷத்தையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.